7 அடி அகலம், 14 நாள் கெடு: கால்வாயில் ஓர் ஊர்

லண்டனில் ஆல்பர்ட்டன் பக்கம் போனவர்களுக்கு ஈலிங் ரோடு தெரிந்திருக்கும். முருங்கைக்காய், கறிவேப்பிலை, யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் எல்லாம் கிடைக்கிற தெரு. அங்கிருந்து கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு கால்வாய். கிராண்ட் யூனியன் கால்வாயின் பேடிங்டன் கிளை அது, 1801-ல் திறந்தது. கரையோரம் ஒன்றன்பின் ஒன்றாக நீளமான இரும்புப் படகுகள் கட்டியிருக்கும். கூரைமேல் விறகு, நிலக்கரி மூட்டை, சோலார் தகடு, சைக்கிள், தொட்டியில் புதினா. புகைபோக்கியில் மெல்லிய புகை. உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்காமலே தெரியும்.

இரண்டு வாரம் கழித்து அதே இடத்துக்குப் போங்கள். படகுகள் இருக்கும். ஆனால் பெரும்பாலும் வேறு படகுகளாக இருக்கும்.

ஊர் சுற்றும் ஆசையால் நகர்பவர்களும் உண்டுதான். ஆனால் பலரை நகர்த்துவது சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரிப்பது கனால் அண்ட் ரிவர் ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளை. அதனிடம் உரிமம் பெற்ற படகுகள் 35,000-க்கு மேல். அவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் படகுகளுக்குச் சொந்தமாகக் கட்டுமிடம், அதாவது படகைக் கட்டிவைக்கும் இடம், கிடையாது. அப்படிப்பட்ட படகு ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. நிரந்தரக் கட்டுமிடம் வாடகைக்குக் கிடைக்கும். லண்டனின் நடுப்பகுதியில் அதற்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேலேகூட ஆகும். அந்தப் பணம் இல்லாதவர்கள் நகர்கிறார்கள்.

இந்தப் படகுக்கு நேரோபோட் என்று பெயர். ஒடுக்கமான படகு. நீளம் 72 அடி வரை போகலாம். அகலம் மட்டும் 7 அடியைத் தாண்டாது. சரியாகச் சொன்னால் 6 அடி 10 அங்குலம்.

7 அடி, 14 நாள். இந்த இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டால் படகுவாசிகளின் சமூக வாழ்க்கையில் பெரும்பகுதி புரிந்துவிடும் என்பது என் எண்ணம். உள்ளே இடம் போதாததால் வாழ்க்கை கரைக்கு வழிகிறது. நிற்கக் கூடாது என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் மாறிக்கொண்டே இருக்கிறார். இப்படி மாறிக்கொண்டே இருந்தால் உறவு எப்படி உண்டாகும் என்று கேட்கத் தோன்றும். உண்டாகிறது. எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் பத்து வருடம் அடுக்குமாடியில் குடியிருந்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறோமே, அதோடு ஒப்பிட்டால் நிறையவே உண்டாகிறது.

பிரிண்ட்லியின் கணக்கு

7 அடிக்குக் காரணமானவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர். ஆலைகளுக்கு இயந்திரம் செய்கிற தொழிலாளியாகத் தொடங்கியவர். பிரிட்ஜ்வாட்டர் பிரபு வொர்ஸ்லியில் இருந்த தன் சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோக வெட்டிய கால்வாயில் பிரிண்ட்லி வேலை செய்தார். 1761-ல் அந்தக் கால்வாய் திறந்ததும் மான்செஸ்டரில் நிலக்கரி விலை பாதியாகக் குறைந்தது. அதற்கப்புறம் நாடு முழுக்கக் கால்வாய்ப் பித்துப் பிடித்தது. 1766-ல் டிரெண்ட் அண்ட் மெர்சி கால்வாய்க்கு முதல் மண்ணை வெட்டியவர் பீங்கான் உற்பத்தியாளர் ஜோசையா வெட்ஜ்வுட். களிமண் வரவும் பீங்கான் உடையாமல் போகவும் வண்டிப்பாதையைவிடத் தண்ணீர்ப்பாதைதான் நல்லது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கால்வாய் மேட்டைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கேதான் லாக் வருகிறது. லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டி. படகு உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்திவிட்டு, மேல்பக்க மதகைத் திறந்து தண்ணீர் விட்டால் படகு தண்ணீரோடு மேலே எழும்பும். அப்புறம் மேல்கதவைத் திறந்து வெளியே போகலாம். எளிமையான ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரு தொட்டித் தண்ணீர் போய்விடுகிறது. ஒடுக்கமான லாக்கிலேயே அது ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். தொட்டியை அகலமாகக் கட்டினால் தண்ணீர் இன்னும் அதிகம் போகும். போதாததற்கு ஹேர்காசில் குன்றைக் குடைந்து ஒரு சுரங்கமும் போட வேண்டியிருந்தது. அகலம் கூடக் கூடக் குடைகிற செலவும் கூடும். பிரிண்ட்லி லாக்குகளை 72 அடி நீளம், 7 அடி அகலம் என்ற அளவில் வைத்தார். கால்வாய் 1777-ல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆனால் அதோடு வந்து சேர்ந்த கால்வாய்களில் பல அதே அளவைப் பின்பற்றின. இன்றைக்கு ஒரு பெண் தன் படகில் அலமாரி எங்கே வைக்கலாம் என்று அளந்து பார்க்கிறாளே, அவள் மோதுவது பிரிண்ட்லியின் சுவரில்தான்.

படகில் குடும்பம் ஏறியது பிறகு நடந்தது. தொடக்கத்தில் படகோட்டிகளில் பலருக்குக் கரையில் வீடு இருந்தது. 1830, 40-களில் ரயில் வந்தது. சரக்குக் கட்டணத்தைக் குறைக்க வேண்டிய கட்டாயம் வந்தது, கூலியும் விழுந்தது. கூலிக்கு ஆள் வைக்கவும் வீட்டு வாடகை கொடுக்கவும் முடியாத படகோட்டி, மனைவியையும் பிள்ளைகளையும் படகிலேயே ஏற்றிக்கொண்டான். வாடகை மிச்சம்; வேலைக்கும் ஆள் ஆயிற்று. நீளமெல்லாம் சரக்குக்கு. பின்னால் 10 அடிக்குள் அடங்கும் ஓர் அறைதான் குடும்பத்துக்கு.

அந்த அறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து இறங்கினால் இடது கைப்பக்கம் நிலக்கரி அடுப்பு. அதை அடுத்து ஓர் அலமாரி. அதன் கதவைக் கீழே சாய்த்தால் சாப்பாட்டு மேஜை. அதற்கும் அப்பால் இன்னோர் அலமாரி. அதன் கதவைக் குறுக்கே சாய்த்தால் கணவன் மனைவி படுக்கிற கட்டில். வலது பக்கம் நெடுக ஒரு பலகை. பகலில் உட்காரவும் இரவில் பிள்ளைகள் படுக்கவும். சுவரில், விளிம்பில் பின்னல் வேலை செய்தது போன்ற பீங்கான் தட்டுகள், பளபளவென்று துலக்கிய பித்தளைக் குமிழ்கள். கதவிலும் தண்ணீர்க் குடத்திலும் ரோஜாப் பூக்களும் கோட்டைகளும் வரைந்த ஓவியம். புகையும் கரித்தூளும் படிகிற இடத்தில் பித்தளையைத் தினமும் துலக்கி வைத்த அந்தப் பெண்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. மூட்டை முடிச்சோடு அலைகிறவர்கள், அழுக்கானவர்கள் என்று கரையிலிருப்பவர்கள் பேசிய காலத்தில் அவர்கள் கொடுத்த பதில் அது.

படகு எந்த ஊர்?

ஓடிக்கொண்டே இருக்கும் குடும்பத்தை என்ன செய்வது என்று அரசுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் எங்கே, நோய் வந்தால் யார் பொறுப்பு, யார் கணக்கில் எழுதுவது? ஜார்ஜ் ஸ்மித் என்பவர் படகுப் பிள்ளைகளின் நிலையைப் பற்றி இடைவிடாமல் எழுதிப் பேசி, 1877-ல் கால்வாய்ப் படகுச் சட்டம் வருவதற்குக் காரணமானார். 1884-ல் அது இன்னும் கடுமையானது. குடியிருக்கும் படகுகள் எல்லாம் பதிவாக வேண்டும். அறைக்கு இத்தனை பேர்தான். சுகாதார ஆய்வாளர் ஏறிப் பார்க்கலாம்.

அந்தச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. படகு எந்த ஊரில் பதிவாகியிருக்கிறதோ, அந்தப் படகிலுள்ள பிள்ளை பள்ளிக்கூட விஷயத்தில் அந்த ஊரில் குடியிருப்பதாகக் கொள்ள வேண்டும். அதாவது, ஊர் இல்லாதவர்களுக்குக் காகிதத்தில் ஓர் ஊரைக் கொடுத்தார்கள். படகு லண்டனுக்கும் பர்மிங்ஹாமுக்கும் நடுவில் எங்கோ போய்க்கொண்டிருக்கும். பிள்ளையின் ஊர் பதிவேட்டில் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடம் எப்படி நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. படகோட்டிகளில் பெரும்பாலானோர் 20-ஆம் நூற்றாண்டிலும் எழுதப் படிக்கத் தெரியாமலே இருந்தார்கள். 1930-ல் லண்டனுக்கு மேற்கே வெஸ்ட் டிரேட்டனில் ஒரு சரக்குப் படகையே பள்ளிக்கூடமாக்கிக் கட்டிவைத்தார்கள். சரக்கு இறங்கக் காத்திருக்கும் ஓரிரு நாளில் பிள்ளைகள் வந்து படிக்கலாம். அதுவரை வந்த யோசனைகளைவிட அது நல்ல யோசனை. பிள்ளைகள் எங்கே நிற்கிறார்களோ, அங்கே பள்ளிக்கூடம் போயிருக்கிறது.

காகிதத்து ஊரை விட்டுத் தள்ளுங்கள். படகுக்காரர்கள் தங்களுக்கென்று ஊர்களை வைத்துக்கொண்டார்கள். நார்தாம்ப்டன்ஷயரில் இரண்டு கால்வாய்கள் சேரும் பிரான்ஸ்டனில் பல குடும்பங்கள் கல்யாணம் செய்தன, குழந்தைகளுக்குப் பெயரிட்டன, இறந்தவர்களைப் புதைத்தன. அங்கிருந்து தெற்கே ஸ்டோக் புரூயர்ன். அங்கே கால்வாய்க் கரையிலேயே வீடு. அதில் மேரி வார்ட் என்ற செவிலி. கை நசுங்கியவன், பிரசவ வலி எடுத்தவள், காய்ச்சல்காரப் பிள்ளை எல்லோரும் அவர் வாசலில் படகைக் கட்டினார்கள். படகுக்காரர்களுக்கு அவர் சிஸ்டர் மேரி. 1951-ல் அரசு அவருக்குப் பதக்கம் கொடுத்தது. ஓடுகிறவர்களுக்கு ஒரு கதவு எப்போதும் திறந்திருக்கிறது என்பதே எவ்வளவு பெரிய விஷயம்!

சரக்குக் காலம் முடிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1948-ல் கால்வாய்கள் தேசிய உடைமையாயின. லாரிகள் பெருகின. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன; காத்திருந்த வாடிக்கையாளர்கள் பலர் திரும்பி வரவில்லை. ஆதர்ஸ்டனிலிருந்து சவுத்தாலில் இருந்த ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுபோன படகுகள் 1970 அக்டோபரில் கடைசி நடையை முடித்தன. நெடுந்தூரம் ஒழுங்காக நடந்துவந்த நேரோபோட் சரக்குப் போக்குவரத்து அதோடு தீர்ந்தது. கால்வாய்களே தூர்ந்து போயிருக்கும். டாம் ரோல்ட்டும் ராபர்ட் ஐக்மனும் மற்றவர்களோடு சேர்ந்து 1946-ல் தொடங்கிய உள்நாட்டு நீர்வழிச் சங்கமும், சேற்றில் இறங்கி மண்வாரிய ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களும்தான் அவற்றைக் காப்பாற்றினார்கள். ரோல்ட் தன் படகிலேயே பல ஆண்டு குடியிருந்தவர். சரக்குக்கு என்று இருந்த நீளம் முழுவதும் பிறகு வீடாயிற்று. இன்றைய நேரோபோட்டில் சமையல் மேடை, குளியலறை, படுக்கை எல்லாம் ரயில் பெட்டியில் போல வரிசையாக இருக்கும்.

தண்ணீர், கரி, கழிவு

கரையில் இருக்கிற நமக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். எங்கிருந்து வருகிறது என்று நினைப்பதில்லை. படகில் தண்ணீர் முன்பக்கத்துத் தொட்டியில் இருக்கிறது, தீர்ந்தால் தீர்ந்ததுதான். கால்வாய் நெடுக அங்கங்கே தண்ணீர்க் குழாய்கள் உண்டு. அங்கே படகைக் கட்டி, குழாயை மாட்டிவிட்டு, தொட்டி நிறைய ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அழுத்தம் குறைவாக இருந்தால் இரண்டு மணி நேரம். அதற்குள் பின்னால் இன்னொரு படகு வந்து நிற்கும். ஒரு மணி நேரம் பேசாமல் நிற்க யாரால் முடியும்? மேலே எந்த லாக்கில் கதவு பழுது, எந்த வளைவில் மரம் விழுந்து கிடக்கிறது, எந்தப் பாலத்துக்குக் கீழே இரவில் கட்டக் கூடாது என்பதெல்லாம் அங்கேதான் கைமாறுகிறது. நம் ஊர்த் தெருக்குழாயடியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கழிவறை விஷயமும் அப்படித்தான். பல படகுகளில் கழிவு ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் சேர்கிறது. அது நிறைந்ததும் அதைக் கையில் தூக்கிக்கொண்டோ சின்ன வண்டியில் வைத்தோ கழிவு ஊற்றும் நிலையத்துக்குப் போக வேண்டும். மழையிலும் போக வேண்டும், காய்ச்சலிலும் போக வேண்டும். படகுக்காரர்கள் கூடினால் இதைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுவார்கள். ஒருவர் இடுப்பு வலியில் படுத்திருந்தால் பக்கத்துப் படகுக்காரர் அவருடைய பெட்டியையும் சேர்த்து எடுத்துப் போவார். இதைவிட நெருக்கமான உதவியை எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. அப்படி உதவியவர் அடுத்த வாரம் நகர்ந்துவிடுவார். ஆனால் கால்வாய் ஒரே கோடு. அதில் போகிறவர்கள் முன்னும் பின்னும்தான் போக முடியும். மூன்று மாதம் கழித்து வேறொரு வளைவில் அவர் படகின் பெயர்ப்பலகை கண்ணில் படும். ஆளின் பெயரைவிடப் படகின் பெயர்தான் முதலில் ஞாபகம் வரும்; "இன்ன படகுக்காரர்" என்றுதான் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்வார்கள்.

குளிர்காலத்தில் எல்லோரும் எதிர்பார்ப்பது எரிபொருள் படகை. அந்தக் காலத்துச் சரக்குப் படகுகள் சில இன்னும் இந்த வேலையைச் செய்கின்றன. மூட்டை மூட்டையாகப் புகையில்லாக் கரி, டீசல், சமையல் வாயு உருளை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு படகாக நிறுத்திக் கொடுத்துக்கொண்டே போகும். பழைய எஞ்சினின் டக்... டக்... சத்தம் தூரத்தில் கேட்கும்போதே கதவுகள் திறக்கும். தனியாக இருக்கிற வயதானவர் கதவைத் திறக்கவில்லை என்றால் எரிபொருள் படகுக்காரர் கூரையைத் தட்டிப் பார்ப்பார். கரையோரம் நடந்தே சுற்றிவந்து படகுவாசிகளை விசாரிக்கும் தன்னார்வத் திருச்சபை ஊழியர்களும் உண்டு. ஆனால் மாதாமாதம் வந்து கரி இறக்குகிறவருக்குத் தெரிகிற அளவு வேறு யாருக்கும் தெரியாது. அடுப்பு எரியும் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொல்லும். 2019 ஏப்ரலிலிருந்து தங்கும் வசதியுள்ள படகுகளில் அதற்கான எச்சரிக்கைக் கருவி கட்டாயம். கருவியோடு கூரையைத் தட்டும் கையும் வேண்டும்.

எழுதாத சட்டங்கள் நிறைய. கட்டியிருக்கும் படகைக் கடக்கும்போது எஞ்சினைத் தணித்து ஊர்ந்துதான் போக வேண்டும். வேகமாகப் போனால் தண்ணீர் இழுப்பில் கரையில் அடித்த முளை பிடுங்கிக்கொள்ளும். உள்ளே அடுப்பில் இருக்கும் குழம்பு சரியும். கால்வாயில் வேக வரம்பே மணிக்கு 4 மைல். அதிலும் பாதிக்குக் குறைய வேண்டும். லாக்கில் எதிரே ஒரு படகு வருவது தெரிந்தால், தொட்டியில் தண்ணீர் அவர் பக்கத்து மட்டத்தில் இருந்தால், அவரை முதலில் விட வேண்டும். ஒரு தொட்டித் தண்ணீர் மிச்சமாகும். துணைக்கு ஆள் இருந்தால் ஒருவர் சைக்கிளில் முன்னால் போய் அடுத்த லாக்கைத் தயார் செய்வார். உஸ்டர்ஷயரில் உள்ள டார்டெபிக்கில் 30 லாக்குகள் தொடர்ச்சியாக வருகின்றன. தனியாக ஒரு பெண் படகோட்டி வந்தால், முன்பின் தெரியாதவர்கூடக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு மதகைத் திறக்க வந்துவிடுவார். எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஜெனரேட்டரை இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டுகிறவர்கள் உண்டு. திருட்டு உண்டு. கட்டின கயிற்றை அவிழ்த்துவிடும் விடலைப் பையன்கள் உண்டு. ஆனால் அந்தக் கயிறு அவிழ்ந்த படகை இரவு உடையோடு ஓடிவந்து பிடித்துக் கட்டுகிறவரும் பக்கத்துப் படகுக்காரர்தான்.

‘ஒரே இடம்’ என்றால் எது?

இனி அந்த 14 நாள். 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம், 17-ஆம் பிரிவு. கட்டுமிடம் இல்லாதவர் படகை உரிமக் காலம் முழுவதும் உண்மையாகவே பயணத்துக்குப் பயன்படுத்த வேண்டும். எந்த ஓர் இடத்திலும் தொடர்ந்து 14 நாளுக்கு மேல், அல்லது சூழ்நிலைக்கு நியாயமான அளவுக்கு மேல், நிற்கக் கூடாது. இவ்வளவுதான். எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ‘இடம்’ என்றால் எது என்றும் இல்லை. இந்த மரத்தடி ஓர் இடமா, இந்தக் கிராமமே ஓர் இடமா? இத்தனை வருடச் சண்டைக்கு அந்த ஒற்றைச் சொல் போதுமானதாக இருக்கிறது.

அறக்கட்டளை 2012-ல் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு அமைப்பிடமிருந்து பொறுப்பை ஏற்றது. ஆண்டில் 20 மைலுக்குக் குறைவான எல்லைக்குள்ளேயே சுற்றுகிறவர் சட்டத்தை நிறைவு செய்வது கடினம் என்பது அதன் நிலை. அதன் ஊழியர்கள் கரையில் நடந்து, எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். போதுமான அளவு நகரவில்லை என்று முடிவானால் முழு ஆண்டுக்குப் பதில் 6 மாத உரிமம் வரலாம். கடைசியில் உரிமமே மறுக்கப்படலாம். உரிமம் இல்லாத படகை நீரிலிருந்து அகற்ற 1983-ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் தருகிறது. அது ஒருவரின் வீடு.

பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ள தாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 26 தடவை நகர வேண்டும். பள்ளி ஒரே இடத்தில்தான் இருக்கும். 20 மைல் நீளத்தில் நடுவில் பள்ளி என்றால், சில மாதங்கள் பிள்ளை 10 மைல் தள்ளி எழுந்து பள்ளிக்குப் போக வேண்டும். கரைப்பாதையில் விளக்கு இருக்காது. பஸ் நிறுத்தம் வயலைத் தாண்டி இருக்கும். அதனால் குளிர்காலத்தைப் பள்ளிக்குப் பக்கத்திலும் கோடை விடுமுறையைத் தூரத்திலும் கழிப்பதாகக் கணக்குப் போட்டு நகர்கிற குடும்பங்கள் இருக்கின்றன. டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை போகிறவரின் கணக்கு இதைவிடக் கடினம். நோய், எஞ்சின் கோளாறு, பனிக்கட்டி போன்றவற்றுக்குக் கூடுதல் நாள் கேட்கலாம்; சட்டமே ‘நியாயமான அளவு’ என்று இடம் விட்டிருக்கிறது. ஆனால் நியாயம் எது என்பதை ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அறக்கட்டளையின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். இருநூறு ஆண்டுப் பழைய மண்கரைகள், சுரங்கங்கள், அணைகள் அதன் தலையில் இருக்கின்றன. 2019 ஆகஸ்டில் வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலே இருக்கும் டாட்புரூக் அணை பெருமழையில் சேதமாகி, சுமார் 1,500 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்ற வேண்டி வந்தது. கால்வாய்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் கட்டிய அணை அது. செலவு இப்படி இருக்க, 2023 ஜூலையில் அரசு, 2027-லிருந்து 10 ஆண்டுகளுக்குத் தரப்போகும் சுமார் 40 கோடி பவுண்டு மானியம் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போகும் என்று அறிவித்தது. பணம் வேறெங்கிருந்தாவது வர வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து, கட்டுமிடம் இல்லாத படகுகளின் உரிமக் கட்டணத்தில் 5 சதவீதம் கூடுதல் விதித்தார்கள். படிப்படியாக ஏறி 2028-ல் அது 25 சதவீதமாகும். நகர்ந்துகொண்டே இருப்பவர்கள்தான் கால்வாயையும் வசதிகளையும் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்பது சொல்லப்படும் காரணம். படகுவாசிகளின் சங்கங்கள் இதை எதிர்த்துத் தெருவில் இறங்கின. எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகமாகத் தெரிகிறது. கட்டுமிடத்துக்குப் பணம் இல்லாதவரிடம், கட்டுமிடம் இல்லாததற்காகப் பணம் கேட்பது சரியான வழியாகப் படவில்லை. அணைக்கட்டின் பாரம் நாட்டின் பாரம். அதைப் படகில் சமைத்துச் சாப்பிடுகிற சில ஆயிரம் பேரின் முதுகில் எவ்வளவு தூரம் ஏற்ற முடியும்?

கரையில் வீடு உள்ளவர்களின் புகார்களிலும் உண்மை இருக்கிறது. லண்டனில் படகுகள் பெருகிவிட்டன. வீட்டு வாடகை ஏற ஏறக் கால்வாய்க்கு வந்தவர்கள் பலர். ஜன்னலுக்குக் கீழே இரட்டை வரிசையில் படகுகள், அடுப்புப் புகை, எஞ்சின் சத்தம். இஸ்லிங்டனில் ரீஜண்ட்ஸ் கால்வாய் ஓரத்தில் மின் இணைப்புக் கம்பங்கள் நட்டு, படகில் கரி எரிக்காமல் இருக்க வழி செய்தார்கள். இது உருப்படியான வேலை. கம்பத்தில் செருகினால் எஞ்சின் ஓட வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் நிம்மதி. தண்ணீர்க் குழாயும் கழிவு நிலையமும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் நெரிசலும் பாதி குறையும். ஏனென்றால் படகுகள் குவிவது அழகான இடத்தில் மட்டும் இல்லை, குழாய் இருக்கும் இடத்திலும்தான்.

முகவரி இல்லாமல் இருப்பதன் விலை வேறு இடங்களிலும் தெரியும். 2022-23 குளிர்காலத்தில் மின்கட்டணம் ஏறியபோது அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 400 பவுண்டு கொடுத்தது. கட்டுமிடம் இல்லாத படகுவாசிகள் பலருக்கு அது கிடைக்கவே இல்லை. குளிர் அவர்களுக்கும் ஒன்றுதான். மருத்துவரிடம் பதிய முகவரிச் சான்று தேவையில்லை என்பது தேசிய சுகாதாரச் சேவையின் விதி. ஆனாலும் வரவேற்பு மேஜையில் அதை ஒவ்வொருவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் தெருப்பெயர் கேட்பார்கள். படகுக்காரர் பாலத்தின் எண்ணைச் சொல்வார். பிரிட்டனின் கால்வாய்ப் பாலங்களுக்கு வரிசை எண் உண்டு. பலவற்றில் சின்ன இரும்புப் பலகையில் பொறித்திருக்கும். "பாலம் 12-க்கும் 13-க்கும் நடுவில், கரைப்பாதைப் பக்கம்" என்றால் இன்னொரு படகுக்காரர் இருட்டில்கூட வந்து சேர்ந்துவிடுவார்.

வாக்குரிமையில் மட்டும் சட்டம் கொஞ்சம் தாராளமாக நடந்துகொண்டிருக்கிறது. நிலையான முகவரி இல்லாதவர் ‘உள்ளூர்த் தொடர்பு அறிவிப்பு’ என்ற படிவத்தைக் கொடுத்து வாக்காளராகப் பதியலாம். அதிக நாள் எங்கே கழிக்கிறாரோ அந்த இடத்தை எழுதினால் போதும். படகைப் பழுதுபார்க்கக் கொண்டுபோகும் பட்டறையின் முகவரியையும் எழுதலாம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ‘இடம்’ என்ற சொல்லை விளக்காமலே அதை வைத்து ஒருவரின் வீட்டைப் பறிக்க வழி விட்டிருக்கிறது. இந்தப் படிவம் அதே கேள்வியைப் படகுக்காரரிடமே கேட்டு, அவர் எழுதுவதை ஏற்றுக்கொள்கிறது.